தவறணைக் கதைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பழைய தவறணையின், அதாவது கள்ளுக்கடையின், கதை ஒருவழியாகச் சிறு நூலாகிவிட்டது. எழுதியவள் என்று என் பெயர் இருக்கிறது. ஆனால் தவறணைக்குள் நான் கால் வைத்தது இரண்டே முறை, அதுவும் பூட்டிய பிறகு.

இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979-இல் சட்டம் போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள், சில நாட்களிலேயே ஜனாதிபதி தலையிட்டு மறுபடியும் பழையபடி ஆக்கினார். சட்டம் இருக்கட்டும், "பொம்பிளைப் பிள்ளைக்குத் தவறணையில என்ன வேலை?" என்று கேட்ட சொந்தக்காரர்களே எனக்குப் போதும். ஆகவே உள்ளே நடந்ததெல்லாம் உங்கள் கண்ணாலும் காதாலும் வந்தவைதான்.

முதல் நன்றி, நாற்பது வருடம் பனையேறிய ஐயாவுக்கு. பாளை சீவுவதையும், தளைநாரைக் காலில் மாட்டுவதையும், முட்டி என்கிற மண்கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்பான கருப்பணி, பூசாவிட்டால் கள் என்பதையும் மூன்று பின்னேரம் பொறுமையாகச் சொன்னார். காலையில் இறக்கிய கள் பொழுது சாயப் புளித்துவிடும். வைத்து விற்க முடியாது. தவறணை ஏன் பனங்கூடலை, அதாவது பனந்தோப்பை, ஒட்டியே இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஏறியவர் ஒருவர், தவறணையைக் குத்தகை எடுத்துக் காசு பார்த்தவர் இன்னொருவர் என்பதை ஐயா கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. எழுபதுகளில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகே நிலைமை கொஞ்சம் மாறியதாம்.

பிளா கட்டிக் காட்டிய மாமிக்கும் நன்றி. பச்சைப் பனையோலையை மடித்து நுனியைக் கட்டினால் கோப்பை தயார், குடித்ததும் எறிந்துவிடலாம். எங்கள் வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழும் பிளாவில்தான் குடிப்போம், ஆனால் அந்தப் பிளாவைப் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லை! தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வைத்திருந்த காலத்தில், தவறணையில் கழுவ வேண்டிய குவளையே இல்லை. அதனால் அங்கே சாதி இல்லை என்று நான் எழுதியிருந்தேன். "வாங்கு வேற வேற பிள்ளை" என்று, உட்காரும் பலகையைச் சொல்லி, மாமி ஒரே வரியில் திருத்தினார். அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினேன்.

போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஊரே வெளியேறியபோது, தவறணைக் கணக்குக் கொப்பிகளில் ஒன்றை உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுபோன கணக்குப்பிள்ளை அண்ணைக்கு எப்படி நன்றி சொல்வது? நகையை விட்டுவிட்டுக் கொப்பியைக் கொண்டுபோனதற்கு அண்ணி இன்னும் பேசுகிறாராம். பாதிக் கடன் கணக்கு, அதில் என் அப்பப்பாவின் பெயர் ஆறு இடத்தில். நூலில் போடவில்லை, இங்கே சொல்லிவிட்டேன். பதுங்குகுழிக்கென்று பனைகளைத் தறித்த வருடங்களில் கணக்கு மெலிந்துகொண்டே போவதும் அதில் தெரிகிறது.

பழைய பதிவுகள் கேட்டுப் போனபோது என்னை நான்கு முறை அலைக்கழித்த அலுவலகம் ஒன்றும் உண்டு. சரி, அதை விடுவோம்.

ஐயா, உங்கள் பழைய முட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்பு கொண்டுவந்து தருவேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை