சுண்டெலியின் சிறுநீரகமும் எங்கள் மலைத் தோட்டங்களும்

ஆசிரியருக்கு,

கிளைபோசேட் களைக்கொல்லி 2015இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. இங்கே மலையகத்தில் அதைப் பற்றிப் பேசுவோர் "எலிக்குப் புற்றுநோய் வந்ததாம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கட்டி, யார் பார்த்துச் சொன்னது என்று கேட்பாரில்லை.

1983ஆம் ஆண்டுச் சுண்டெலி ஆய்வொன்றில், மிக அதிக அளவு கிளைபோசேட் மருந்து தின்ற 50 ஆண் சுண்டெலிகளில் மூன்றுக்குச் சிறுநீரகக் கட்டி. மருந்தே கொடுக்காத கூட்டத்தில் ஒன்றுமில்லை. பின்னர் அந்தச் சுண்டெலிகளின் சிறுநீரகத் துண்டுகள் பதித்த கண்ணாடித் தகடுகளை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தபோது, மருந்து தின்னாத ஒன்றிலும் கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க அரசின் நோயியலாளரோ அதைக் கட்டியென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரேயொரு கட்டி கூடினாலும் கணக்கின் பொருளே மாறிவிடும். கொறிணிகளின் கட்டிகளுக்குப் பொதுவான பெயர்களையும் அளவுகோல்களையும் 'இன்ஹேண்ட்' என்ற சர்வதேசத் திட்டம் வகுத்திருப்பது இதனால்தான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து மலையேறுபவர்களுக்கு இதையெல்லாம் தமிழில் சொல்ல யாருமில்லை என்பதே என் ஆற்றாமை. பீடைகொல்லிகளைப் பதிவுசெய்யும் அதிகாரிகள், எந்த ஆய்வின் எந்தக் கட்டிகளை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும்.

வாசகர்,
அட்டன்