பொருந்தாத ஹீட்டர் கோரை மாற்றித் தர மறுப்பது குறித்துப் புகார்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் வாங்கிய ஹீட்டர் கோர் (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டைக் கொண்டு காருக்குள் வெப்பம் தரும் பாகம்) என் காருக்குப் பொருந்தவில்லை. மாற்றித் தாருங்கள் என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, 'உங்கள் வண்டிக்குப் பொருந்தும்' என்று காட்டியது உங்கள் தளம். அதை நம்பித்தான் ரூ.4,650 கட்டினேன்.

நாங்கள் இருப்பது ஊட்டியில். ஜனவரி மாதம், விடிகாலையில் புல்மேல் உறைபனி கிடக்கிறது. காருக்குள் இனிப்பாக ஒரு வாடை, முன் கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு, இடது இருக்கைக்கு முன்னால் மேட் நனைந்து கிடக்கிறது. கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. பழைய ஹீட்டர் கோர் காருக்குள் கசிகிறது என்பதன் அறிகுறி இதெல்லாம் என்று பாகம் விற்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டேஷ்போர்டை மொத்தமாக இறக்காமல் அந்தக் கோர் கைக்கு வராது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக் தவறி விரிந்துவிடாமல் இருக்கக் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஸ்டீயரிங்கை எடுத்து, எந்த ஸ்க்ரூ எந்த இடத்தது என்று எழுதி வைத்து, நானும் மச்சானும் வாசலிலேயே செய்த வேலை. பழையதை உருவிப் புதியதைப் பக்கத்தில் வைத்தோம். நீளம், அகலம் எல்லாம் சரி. ஆனால் இரண்டு குழாய்களும் எதிர்ப்பக்கம் வளைகின்றன. எஞ்சினுக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டில் (ஃபயர்வால்) துளை ஒரு பக்கம், உங்கள் குழாய் இன்னொரு பக்கம். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கானதை அனுப்பிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இதை போனில் சொன்னால் உங்கள் ஆள் கேட்கிறார்: "கழட்டத் தெரியாதவங்க ஏன் சார் கை வைக்கணும்?" அப்புறம், "பேக்கிங் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒப்பிட்டுப் பார்த்திருக்கணும்." எதோடு ஒப்பிடுவது? பழையது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறதே! இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அந்த உரையாடல் பதிவாகியிருக்கும், தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கோவை கிடங்குக்கு நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவதாகச் சொன்னது உங்கள் ஆட்கள்தான். ஸ்டீயரிங் இல்லாத காரில் எப்படி வருவது? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸில் போனேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளேயே விடவில்லை. "இங்க எக்ஸ்சேஞ்ச் கிடையாது, ஆன்லைன்ல போடுங்க" என்றார். ஒருவர்கூட வெளியே வந்து பார்க்கவில்லை. தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பினேன்.

கோருக்குப் போகிற இரண்டு ரப்பர் ஹோஸையும் ஒன்றோடொன்று நேராக இணைத்து ஹீட்டர் இல்லாமல் ஓட்டுங்கள் என்று முதல் போனில் யோசனை வேறு. கோவையில் அது சரி. குன்னூர் மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹீட்டர் இல்லாமல் கண்ணாடி மங்கினால் யார் பொறுப்பு? வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். இந்தக் குளிர்காலமே எங்களுக்கு நாசமாகிவிட்டது. இந்த நஷ்டத்துக்கு ஒரு லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. பொருளைத்தான் கேட்கிறேன். ஆனால் 2020 மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைப்பேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள்தான் மலையேறி வர வேண்டியிருக்கும்.

வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கான கோரை, குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களோடு (ஓ-ரிங்), வீட்டுக்கே அனுப்புங்கள். தவறாக வந்ததை உங்கள் டெலிவரி ஆளே எடுத்துச் செல்லட்டும். அனுப்பும் முன் குழாய் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன். இருப்பு இல்லையென்றால் பணத்தையும் பஸ் செலவையும் திருப்பிக் கொடுங்கள், வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உதகமண்டலம்