பள்ளிக்கூட வாசலில் இன்ஜினை அணைக்காத பெற்றோருக்கு

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பொள்ளாச்சி கோயம்புத்தூர் ரோட்டில், உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே பேனா, நோட்டு விற்கிறவன் எழுதுகிறேன். சார்ட் பேப்பர் வாங்க ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டியவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும்.

மூன்றரைக்கு மணி அடிக்கும். நீங்கள் மூன்று பத்துக்கே வந்து இடம் பிடிக்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஏசிக்காக வண்டியை ஓடவிட்டே உட்கார்ந்திருக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை. காலையில் துடைத்து வைத்த மிட்டாய் பாட்டில் மூடியைச் சாயங்காலம் தடவினால் விரல் கறுப்பாகிறது. ரோட்டுப் புழுதி என்றால் ஊதினால் போய்விடும். இது பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழியில் அப்படியில்லை, புகை தரையோடு படுத்துக்கிடக்கும். அந்த நேரத்தில் எல்கேஜி பிள்ளைகள் இரண்டு கார்களுக்கு நடுவில் புகுந்து வருகிறார்கள். சைலன்சர் குழாய் விடும் புகை நம் மூக்கைவிட அவர்கள் மூக்குக்குத்தான் பக்கம். போன மார்கழியில் ஒரு பொடியன் என் கடைப் படியில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சினான். அவனைக் கூட்டிப்போக வந்த காரும் பத்தடி தள்ளி ஓடிக்கொண்டுதான் இருந்தது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே சொல்லிவிட்டது.

"நம்முளுது பிஎஸ் 6 வண்டிங்ணா, புகையே வராது" என்றார் ஒருவர். சரி, புகையைக் குறைக்க அரசு போட்ட புது விதிப்படி செய்த வண்டி, புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் நன்றாகச் சூடேறினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நிறுத்தியபடியே ஓடவிட்டால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் மெக்கானிக் தீட்டும் பில்லைப் பார்த்து எனக்குப் போன் செய்யாதீர்கள்.

ஒரு கணக்கு: தினம் 20 நிமிடம், வருடத்துக்கு 200 பள்ளி நாள். 66 மணி நேரத்துக்கு மேல் வண்டி எங்கேயும் போகாமல் ஓடுகிறது. மணிக்கு முக்கால் லிட்டர் என்றாலும் 50 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு 2.7 கிலோ. பங்குனியில் இப்படி வேகிறதே என்று என்னிடமே புலம்புவதும் நீங்கள்தான்!

ரோட்டை அகலப்படுத்த மரங்களை வெட்டிவிட்டார்கள், நிழலுக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயந்தான். கடை முன்னால் பந்தல் போட்டு இரண்டு பெஞ்சும் பானைத் தண்ணீரும் வைத்திருக்கிறேன். நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, சாவியைத் திருப்பிவிட்டு வந்து உட்காருங்கள். மூன்று மணிக்கெல்லாம் பெஞ்சைத் துடைத்துவிடுவேன். அதையும் தினம் துடைக்க வேண்டித்தான் இருக்கிறது.