ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். ஊர் நிலத்தில் தண்ணீருக்காகப் போர்வெல் போடப் போவதாக எழுதியிருந்தாய். துளை போடும் ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. முதலில் என் கதையைக் கேள்.

எங்கள் பல்லடம் பக்கம் நிலைமை உனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் மூன்று போர் போட்டேன். மூன்றும், நீரோட்டம் பார்க்கிறேன் என்று தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்தவர் காட்டிய இடங்கள். கடைசியாக 950 அடி ஓட்டினோம், புகைதான் வந்தது. வாழை இலையெல்லாம் பாறைத்தூள் மாவு மாதிரி படிந்துகிடந்ததை உன் தங்கச்சி இன்னும் சொல்லி வருத்தப்படுகிறாள்.

அப்புறம்தான் மருமகன் சொல்லி, நில அதிர்வு ஆய்வு செய்கிறவர்களைக் கூப்பிட்டேன். வெடி வைப்பார்களோ என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் பயந்தார். வந்தது ஒரு சம்மட்டியும் இரும்புத் தட்டும்தான். அதிர்வை உணரும் ஜியோபோன் என்ற கருவிகள் 24-ஐ, 5 மீட்டருக்கு ஒன்றாக மண்ணில் குத்தினார்கள். எலுமிச்சம்பழ அளவு, கீழே ஆணி. ஒரு பையன் தட்டின் மேல் ஓங்கி அடித்தான். அதிர்வு எத்தனை மில்லி விநாடியில் எந்த ஜியோபோனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று திரையில் கோடுகளாக வந்தது. ஒரே இடத்தில் ஏழெட்டு முறை அடித்தான். பதிவுகளைக் கூட்டினால் மற்ற இரைச்சல் அடங்கிவிடும். பால் வண்டி போனால் நிறுத்தினார்கள். தென்னை ஆடினால்கூட வேர் வழியாகப் பதிவாகிறது! மாடுகளை அவிழ்த்துக்கொண்டுபோய்த் தள்ளிக் கட்டினோம்.

மேல்மண்ணில் அதிர்வு நொடிக்கு 400 மீட்டர் போல மெதுவாகப் போகும். கெட்டிப்பாறையில் 5,000 மீட்டர் தொடும். இடையில் மக்கிய பாறையில் தண்ணீர் ஊறிக் கிடந்தால் 1,500க்குக் குறையாமல் வரும். பக்கத்து ஜியோபோனுக்கு மேல்மண் வழியே வரும் அதிர்வு முதலில் சேரும். தூரத்தில் இருப்பதற்கோ, கீழே பாறைக்கு இறங்கி ஓடிவரும் அதிர்வு முந்திக்கொள்ளும். ஊருக்குள் நுழைந்த பஸ்ஸை, பைபாஸில் சுற்றிய பஸ் முந்துகிற மாதிரி. எந்தத் தூரத்தில் முந்துகிறது என்பதை வைத்துப் பாறையின் ஆழத்தைக் கணக்குப் போடுகிறார்கள்.

நான் மூன்று போர் போட்ட கிழக்குப் பக்கம், 8 மீட்டரிலேயே கெட்டிப்பாறை. மேற்கே வேப்பமரத்தடியில் 28 மீட்டர் வரை மக்கிய பாறை. படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. தினமும் அந்த மரத்தடியில்தானே கட்டில் போட்டுப் படுக்கிறேன்.

ஆனால் வேகத்தை மட்டும் நம்பிவிடாதே. காய்ந்த மக்கிய பாறையும் சில இடத்தில் அதே வேகம் காட்டும். அதனால் பக்கவாட்டில் குலுக்கும் அதிர்வையும் எடுத்தார்கள். அது தண்ணீருக்குள் பரவாது, நீர் ஊறினாலும் அதன் வேகம் பெரிதாக மாறாது. நான் முன்னே சொன்ன அதிர்வின் வேகம் மட்டும் கூடி, இந்தக் குலுக்கும் அதிர்வின் வேகம் கூடாமல் இருந்தால் தண்ணீருக்கு வாய்ப்பு அதிகம். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வையும் சேர்த்தே செய்யச் சொல். தண்ணீர் உப்பா நல்லதா என்பதை அதிர்வு சொல்லாது, மின்தடை ஓரளவு காட்டிக்கொடுக்கும். 115 மீட்டர் நீள வரிசை ஏறக்குறைய 30 மீட்டர் ஆழம்தான் பார்க்கும். 900 அடியில் இருக்கும் மெல்லிய வெடிப்பெல்லாம் இதில் தெரியாது.

வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி 140 அடி போட்டோம். 80 அடியில் தண்ணீர், ஒன்றரை இஞ்ச். கொட்டுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சித்திரையிலும் நிற்கவில்லை. மழைத்தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்த மக்கிய பாறைதான் என்பதால் மேட்டில் ஒரு பண்ணைக்குட்டையும் வெட்டிவிட்டேன்.

உன் அப்பா வெட்டிய கிணறு இன்னும் தூராமல் இருக்கிறது அல்லவா? எத்தனை அடியில் மண் முடிந்து பாறை தொடங்குகிறது என்று, கயிறு கட்டி ஆள் இறக்கி அளந்து எழுது. ஆய்வுக்காரர்கள் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தேதி சொன்னால் நானும் அவர்களோடு வருகிறேன்.

அன்புடன்,
பழனிசாமி