உரும்பிராய் வீட்டிற்குக் கூரை போட்ட கதை

யாழ்ப்பாணம்,
ஓகஸ்ட் மாதக் கடைசி.

அன்பின் நண்பருக்கு,

நலம். உமது நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். உரும்பிராயிலுள்ள உம்முடைய பழைய வீட்டைச் சில பிள்ளைகள் மூன்று நாள் படம்பிடிக்கக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று நான் வைகாசியில் கேட்டபோது, கூரையில்லாத வீட்டைக் கொடுப்பதற்கு என்னிடம் என்ன கேள்வி என்று ஒரே வரியில் மறுமொழி அனுப்பியிருந்தீர். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு நீண்ட கடிதமா என்று நினைக்கவேண்டாம். அந்த வீட்டிற்கு இப்போது கூரை போட்டாயிற்று. செலவுக் கணக்கு எதுவும் வராது. கூரை கணினிக்குள்ளேதான் இருக்கிறது. ஆயினும் அது முழுமையாவதற்கு உம்மிடமிருந்து ஒன்று வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னர் உம்முடைய வீட்டில் என்ன நடந்தது என்பதை உமக்கு ஒழுங்காகச் சொல்லிவிடவேண்டும்.

இவர்கள் பல்கலைக்கழகத்தில் ஊடகக்கற்கை பயிலும் ஆறு பேர். பாட்டையும் இசையையும் தாங்களே அமைத்தார்கள். பேர்த்தி ஒருத்தி அம்மம்மாவின் இடிந்த வீட்டிற்குள் பாடிக்கொண்டு நுழைகிறாள். பல்லவி வரும்போதெல்லாம் வீடு கூரையும் கதவுமாக எழுந்து நிற்கிறது. சரணத்தில் மறுபடி வெறுஞ்சுவராகிறது. கதை இவ்வளவுதான். அவர்களில் ஒருவர்கூட 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி போரினால் வலிகாமப் பகுதி முழுவதும் வீடுகளை விட்டு எழும்பி நடந்த அந்த இரவிற்கு முன்னர் பிறந்தவர் அல்லர். கூரையில்லாச் சுவர்கள் அவர்களுக்கு வடலியையும் பற்றையையும் போல ஊரில் எப்போதும் இருக்கிற ஒன்று. ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியன் என்பதால் காட்சிகளை முன்கூட்டி வரைந்து கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வரைந்ததோடு வீடு திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை.

திட்டமிடல் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு கணக்கு. பாட்டின் தாளம் நிமிடத்திற்கு 75 அடி. கமரா செக்கனுக்கு 25 சட்டகங்களை, அதாவது தனித்தனிப் படங்களை, பதிகிறது. ஆகவே ஓர் அடிக்குச் சரியாக 20 சட்டகங்கள், மீதியில்லை. பாட்டு 3 நிமிடம் 40 செக்கன், அதாவது 275 அடிகள், 5,500 சட்டகங்கள். நான் ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி வாங்கி, ஒரு சதுரத்திற்கு ஓர் அடி என்று வைத்து, 275 சதுரங்களிலும் எந்த இடத்தில் காட்சி மாறவேண்டும், எந்த இடத்தில் கூரை வரவேண்டும் என்று பென்சிலால் நிரப்பினேன். படம்பிடித்த மூன்று நாளும் அந்தக் கொப்பி கமராவைக்காட்டிலும் கவனமாகப் பாதுகாக்கப்பட்டது.

முதலில் அவர்கள் எழுதிவந்த பட்டியலில் கூரை தெரியும் காட்சிகள் 31 இருந்தன, அநேகமாக எல்லாவற்றிலும் கமரா நகர்ந்துகொண்டே இருந்தது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில்தான் கூரையை உருவாக்குகிறார்கள். அந்த வேலையைச் செய்கிற பையனின் கணினி ஒரு சட்டகத்தை வரைந்து முடிக்க ஆறு நிமிடம் எடுக்கிறது. பட்டியலின்படி 2,600 சட்டகங்கள், அதாவது 260 மணித்தியாலம், இரவு பகலாக ஓடினாலும் பதினொரு நாள், இடையிலே மின்சாரம் நின்றால் அதற்குமேல். அப்போதுதான் கமராவை முக்காலியில் அசையாமல் வைத்தால் கூரையை ஒரே ஒரு சட்டகம் வரைந்தாற் போதும், அதையே காட்சி முழுவதற்கும் மேலே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். நாம் வெலிங்டன் தியேட்டரில் இரட்டை வேடப் படம் பார்த்துவிட்டு வீடு வரும்வரை விவாதித்தோமே, அந்த வித்தையும் அசையாத கமராவில்தானே நின்றது: வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் பதிந்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியைத் திறந்து மீண்டும் பதிவார்கள். கடைசியில் ஒன்பது காட்சிகள் என்று முடிவாயிற்று. ஆறு அசையாதவை, மூன்று நகர்பவை. நகர்பவற்றில் 360 சட்டகங்கள், 36 மணித்தியாலம்.

நான் அந்த ஒன்பது படங்களிலும் சுவரின் மேல்விளிம்பிலே ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். கோட்டிற்குக் கீழே உள்ளதெல்லாம் உம்முடைய வீடு. மேலே உள்ளதெல்லாம் கணினி. பாடும் பிள்ளையின் தலை எக்காரணம் கொண்டும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவளுடைய தலைமயிரைச் சட்டகம் சட்டகமாகக் கையால் வெட்டியெடுக்க வேண்டிவரும். இதை அவர்கள் முதலில் கிழவனின் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளோட்டமாக ஆனியில் ஒரு மத்தியானம் ஒரு காட்சியை எடுத்து, அதற்குக் கூரை போட்டுக் காட்டினார்கள். கூரை நன்றாக வரையப்பட்டிருந்தது. ஆனால் படம் முழுப்பொய்யாக இருந்தது, ஏன் என்று அவர்களில் எவருக்கும் பிடிபடவில்லை. எனக்கு உடனே தெரிந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு நிழல் போடப் படிப்பித்தவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? மேலே கூரை, கீழே நிலத்தில் பட்டப்பகல் வெயில்! கூரையுள்ள வீட்டிற்குள் வெளிச்சம் வாசலாலும் யன்னலாலும் பக்கவாட்டில்தான் வரும். கணினியில் நிலத்தை இருட்டாக்கிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். செய்தும் பார்த்தான், இருட்டிய நிலத்தில் அந்தப் பிள்ளையின் குட்டை நிழல் காலடியில் அப்படியே கிடந்தது.

ஆகவே படம்பிடித்த நாட்களில் உம்முடைய மண்டபத்தின் சுவர்களுக்கு மேலாக இரண்டு பெரிய தறப்பாள்களை இழுத்துக் கட்டினோம். கூரை வரப்போகும் இடத்திலேதான் தறப்பாளும் இருப்பதால் அது படத்தில் தெரியாது. வரையப்பட்ட கூரை அதை மூடிவிடும். நிழலோ மெய்யான நிழல். ஆனால் நீலத் தறப்பாளினூடாக இறங்கிய வெளிச்சம் அந்தப் பிள்ளையின் முகத்தை நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவளுடைய முகம்போல் ஆக்கிவிட்டது. பக்கத்து வளவில் வேலி அடைக்க வாங்கி அடுக்கியிருந்த கிடுகுகளை இரவல் கேட்டு மேலே பரப்பியபிறகே அது தீர்ந்தது. கிடுகின் ஓட்டைகளால் இங்குமங்குமாக வெயிற்பொட்டுகள் விழுந்தன. பழைய ஓட்டுக்கூரையிலும் அப்படித்தானே, விலகின ஓட்டினூடாக வெயில் காசு காசாக விழும்? அதை விட்டுவைக்கச் சொன்னேன்.

நகரும் காட்சிகளைப் பற்றி உமக்கு ஒன்று சொல்லவேண்டும். கமரா நகர்ந்தால், அது எங்கே எப்படி நகர்ந்தது என்பதை மென்பொருள் படத்தைப் பார்த்தே கணித்துக்கொள்ளும். அப்போதுதான் கூரை சுவரோடு சேர்ந்து நகரும், இல்லாவிட்டால் வள்ளம்போல மிதக்கும். அதற்குச் சுவரில் தெளிவான புள்ளிகள் வேண்டும், பிளெண்டருக்குக் குறைந்தது எட்டு. வெள்ளையடித்த வெறுஞ்சுவரில் அதற்குப் பிடிப்பில்லை. ஆகையால் அந்தப் பையன் சிறு சிறு சிலுவைகளாக ஒட்டுவதற்குக் கறுப்பு நாடா வாங்கி வந்திருந்தான். உம்முடைய மண்டபத்துச் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, இது தேவையில்லை என்று நாடாவைத் திரும்பப் பையிலே போட்டான். ஷெல் சன்னங்கள் கொத்திய குழிகள் அந்தச் சுவர் முழுவதும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கறுத்து, விளிம்பு கூராக, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் இருப்பதால் மென்பொருளுக்கு இதைவிட நல்ல புள்ளி கிடைக்காதாம். கணினித் திரையில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு சிறு சதுரம் விழுந்து, அது குழியோடு கூடவே நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 43 குழிகள். வேறு வேலையில்லாதவன்போல் எண்ணினேன்.

இரண்டாம் நாள் உழைப்பு பெரும்பாலும் வீணாயிற்று. கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கமராவில் அணைக்கப்படாமல் இருந்தது. அது ஒவ்வொரு சட்டகத்தையும் தன்பாட்டில் சற்றே இழுத்து வளைத்துவிடுவதால், கண்ணுக்கு அழகாகத் தெரிகிற படம் கணிப்பிற்கு உதவாமற் போகிறது. இரவு கூரை தள்ளாடியதைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அதை அணைக்க மறந்தவன் சாப்பிடாமல் இருந்ததே போதும். மறுநாள் காலை மூன்று காட்சிகளையும் திரும்ப எடுத்தோம்.

ட்ரோன் கனவு ஒன்றும் இருந்தது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையையும் பாதுகாப்பு அமைச்சையும் கேட்காமல் பறக்கவிட முடியாது என்றதும் அதைக் கைவிட்டு, கைத்தொலைபேசியைக் கொக்கத்தடியின் நுனியில் கட்டி உயர்த்தினார்கள். முருங்கைக்காய் பறிக்கிற தடியால் எடுத்த அந்தக் காட்சி படத்தில் மிக நன்றாக வந்திருக்கிறது.

மெதுவாக நகரும் காட்சியில் அந்தப் பிள்ளை பாடவேண்டும், தாவணி மிதக்கவேண்டும், ஆனால் வாயசைவு பாட்டோடு பொருந்தவேண்டும். இதற்கு ஓர் உபாயம் இருக்கிறது: பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, அவளையும் அதே வேகத்தில் பாடவைத்து, செக்கனுக்கு 50 சட்டகமாகப் பதிந்து, 25 ஆக ஓடவிட்டால் உடம்பு மெதுவாகும், வாய் சரியாகும். ஒரு பின்னேரம் முழுவதும் நிமிடத்திற்கு 150 அடியில் அந்தச் சோகப்பாட்டு வளவிலே துள்ளிக்குதித்தது. பக்கத்து வீட்டுக் கிழவி படலைக்கு வந்து, நல்லூர்க் கொடி ஏறின நாளில் இது என்ன கூத்து என்று கேட்டுவிட்டுப் போனார். இரவுக் காட்சியில் மின்குமிழ் வெளிச்சம் படத்தில் துடித்ததற்கு மருந்து சுலபமாக இருந்தது. நம்முடைய மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று என்பதால் குமிழ் 100 தரம் துடிக்கிறது. கமராவின் திரைவேகத்தை, அதாவது ஒரு சட்டகத்திற்குத் திரை திறந்திருக்கும் நேரத்தை, செக்கனில் அறுபதில் ஒன்றிலிருந்து ஐம்பதில் ஒன்றாக மாற்றியதும் அடங்கிவிட்டது.

சிவப்புக் கோட்டை அவள் ஒரே ஒரு காட்சியில் தாண்டினாள். கூரை மறைகிற இடத்தில் கையை மேலே உயர்த்தவேண்டும் என்று பாட்டெழுதியவன் ஒற்றைக்காலில் நின்றான். கைக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டினால் மென்பொருள் பச்சையை மட்டும் நீக்கிக்கொடுக்கும் என்று துணி கொண்டுவந்தார்கள். கமராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால் அந்த நிறம்தான் துப்புரவாகப் பிரியும் என்பது உண்மையே. ஆனால் சோளகக் காற்று அந்தத் துணியைப் பாயாக்கிவிட்டது. சுருக்கம் விழுந்த இடமெல்லாம் வேறு பச்சை, பாவாடைக் கரையும் பச்சை, முற்றத்துப் புல்லும் பச்சை. மென்பொருள் பச்சையை நீக்கியபோது துணியோடு பாவாடைக் கரையும் போய்விட்டது. ஈற்றில் ஒரு பிள்ளை இரண்டு இரவு விழித்திருந்து 48 சட்டகங்களிலும் அந்தக் கையைச் சுற்றிக் கோடு வரைந்தாள். அதன் பிறகு சிவப்புக் கோட்டை எவரும் கேலி செய்யவில்லை.

எனக்கும் அவர்களுக்கும் தீராத பிணக்கு ஒன்று உண்டு. மேற்குச் சுவரில் வெடிப்பொன்றில் அரசங்கன்று முளைத்து இப்போது ஆளுயரத்திற்கு நிற்கிறது. காற்றில் ஆடும் இலைகளை அழிப்பது ஆகாத வேலை என்று, பல்லவியில் வீடு முழுமையாகும்போதும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்; கன்று ஓட்டைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதுதான் அழகு என்கிறார்கள். அம்மம்மாவின் வீடு என்றால் அம்மம்மா அரசங்கன்றைச் சுவரில் முளைக்க விட்டிருப்பாரா என்று நான் கேட்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு நீர் தீர்ப்புச் சொல்லும்.

இப்போது உம்மிடம் கேட்கவேண்டியதற்கு வருகிறேன். கணினியில் கூரை போடுகிற பையன் என்னிடம் வரிசையாகக் கேள்வி கேட்டான். கூரைச் சரிவு எவ்வளவு? விறாந்தையின் தாழ்வாரம் சுவருக்கு வெளியே எத்தனை அடி நீண்டிருந்தது? பனங்கைமரங்களுக்கு எண்ணெய் பூசியிருந்ததா, கறையானுக்குத் தார் அடித்திருந்ததா? ஓடு வளைந்த பீலியோடா, தட்டையான தட்டோடா? நான் அந்த வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன், உம்மோடு விறாந்தையில் எத்தனை இரவு படித்திருப்பேன், ஆனால் ஒன்றுக்காவது உறுதியாக மறுமொழி சொல்ல முடியவில்லை. முன்பக்கம் தட்டோடும் குசினிப் பக்கம் பீலியோடும் என்று சொன்னேன்; அன்றிரவு படுத்துக்கிடந்தபோது அது எங்களுடைய வீடோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். சுவரின் உயரத்தை நாடா பிடித்து அளந்துவிட்டோம், பதினொரு அடி. கைமரம் இறங்கிய பொந்துகளிலிருந்து இடைவெளியும் தெரிந்துவிட்டது. ஓடுதான் மிச்சம்.

உம்முடைய அக்காவின் கலியாணத்தன்று முன் விறாந்தையில் எல்லாரையும் நிறுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ரொறன்ரோவில் உம்மிடம் இருக்கவேண்டும். அதில் தலைகளுக்கு மேலே தாழ்வாரத்தின் விளிம்பு விழுந்திருக்கும் என்பது என் ஊகம். தயவுசெய்து அதை வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம், அது படத்தை நசுக்கிவிடும். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும். முகங்கள் தெளிவாக விழாவிட்டாலும் பரவாயில்லை, மேல்விளிம்பு வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளும். ஓட்டு வரிசையை எண்ணவேண்டுமாம். அந்தப் பையன் 36 மணித்தியால வேலையைத் தொடங்காமல் காத்திருக்கிறான்.

இங்ஙனம்,
உமது பழைய வாங்குத் தோழன்.