அந்த அம்மாவிடம் கேள், மகள்

களுதாவளை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதில் இருந்து எனக்கு அதே யோசனைதான். நீ படிப்பிக்கிற தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், உன் வகுப்பில் ஒரு பிள்ளை பேசுவதில்லை, நின்ற இடத்திலேயே சுற்றுகிறான், மணி அடித்தால் மேசைக்கு அடியில் போய்விடுகிறான் என்றாய். "நம்மட தம்பி மாதிரியே இருக்கிறான் அம்மா" என்றாய். அவனுடைய தாயைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று கேட்கும்போது லைன் வெட்டுப்பட்டுவிட்டது. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. அப்பா வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார். தம்பியும் தூங்கிவிட்டான். அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த உனக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற தாயைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஓட்டிசம் என்கிற மதியிறுக்கம் உள்ள தம்பிக்காக அந்த வாசலில் பத்து வருஷத்துக்கு மேல் நின்றவள் நான்.

தம்பியை முதலாம் வகுப்புக்குச் சேர்த்த வருஷம் நீ புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் பல விஷயங்களை உனக்குச் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதைத்தான் மணியாக அடிப்பார்கள். அந்தச் சத்தம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேற்றுக்கு ஓடுவான். ஒரு நாள் பள்ளி விடுகிற நேரம், பத்துப் பதினைந்து தாய்மார் குடையோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ரீச்சர் என்னைப் பார்த்து, "வீட்டில என்னத்தப் பழக்குறீங்க? ஒரு இடத்தில இருக்கத் தெரியாத பிள்ளைய ஏன் இங்க கொண்டு வந்து விடுறீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளில் இருந்து மற்றத் தாய்மார் எல்லோரும் போன பிறகுதான் அவனைக் கூட்டப் போனேன். கடைசி ஆளாக அவன் அங்கே காத்திருப்பானே என்றுகூட நினைக்காமல், வெட்கத்தில் அப்படிச் செய்தேன். இப்போதும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

வகுப்பில் என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இரவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "வெளியே போ. வெளியே போய் நில்" என்று சொல்லுவான். அந்த ரீச்சருடைய குரல், அதே இழுப்பு, அதே கோபம். இருபது தடவை, முப்பது தடவை சொல்லுவான். கேட்ட பேச்சை அப்படியே திருப்பிச் சொல்வது ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்கு அது தெரியாது. அப்பா எழும்பிப் போய்க் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருப்பார். வகுப்பில் நீ அந்தப் பிள்ளைக்குச் சொல்வதும் இப்படித்தான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்துக் காம்பராவில் இரவு கேட்கும் மகள். அவனுடைய அம்மா விழித்திருந்து கேட்பாள்.

அந்தத் தாய் உன்னிடம் வரும்போது வெறுமனே வரமாட்டாள். ஊரும் உறவும் சொன்ன எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் வருவாள். எனக்குச் சொல்லாதது ஒன்றும் இல்லை. நாவூறு என்றார்கள். கர்ப்பமாக இருக்கும்போது வெயிலில் தோட்டத்தில் நின்றது என்றார்கள். ஒரு மாமி, நான் பிள்ளையைக் கொஞ்சி வளர்க்கவில்லை என்றே சொன்னார். உன் பாட்டி, நம்மட பெத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் டொக்டர், "இதற்கு நீங்கள் காரணம் இல்லை அம்மா" என்று சொன்ன அன்று கல்லடிப் பாலம் தாண்டும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். தம்பி பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தான்.

பிறகு நானே தேடி வாசித்தேன். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டொக்டர்தான் 11 பிள்ளைகளைப் பார்த்து ஓட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதி உலகத்துக்குத் தெரியவைத்தாராம். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் படித்த பெரியவர்களே, பாசம் காட்டாத தாயால்தான் இது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977இல் இங்கிலாந்தில் 21 இரட்டைச் சோடிகளை வைத்துச் செய்த ஆய்வுதான், பிறவியிலேயே வருகிற காரணம் இதில் பெரிது என்று காட்டியது. அதைக்கூட அறியாமல் எத்தனை தாய்மார் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள்! உன் வகுப்புப் பிள்ளையின் தாயும் அப்படித்தான் இருப்பாள். அவளிடம் நீ பேசும் முதல் பேச்சில் குற்றம் சொல்கிற தொனி துளிகூட இருக்கக் கூடாது.

மறுகா, இரண்டாவது பள்ளிக்கூடத்து ரீச்சர். அவரை உனக்கும் தெரியும். சேர்த்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கம்போல ஏச்சு வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு ஒரு கதிரை போட்டார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, எனக்கு இவரைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும். பயந்தா வீட்டில என்ன செய்வீங்க?" என்று கேட்டார். தம்பிக்கு ஆறரை வயது அப்போது. அதுவரை எந்த ஆசிரியரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். கத்துவதற்கு முன் சட்டைக் கொலரைச் சப்புவான், அப்போதே கவனித்தால் தடுக்கலாம். சோறும் கறியும் ஒட்டக் கூடாது. முதுகைத் தடவினால் பிடிக்காது, ஆனால் தோளை அழுத்திப் பிடித்தால் அடங்குவான். ரீச்சர் ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினார்.

அந்தக் கொப்பிதான் பிறகு அவனுடைய பையில் தினமும் போய் வந்தது. அவர் இரண்டு வரி எழுதுவார், நான் இரண்டு வரி எழுதுவேன். "இரவு மூன்று மணிக்கு எழும்பிவிட்டான், பிறகு தூங்கவில்லை" என்று நான் எழுதினால், அன்று அவர் அவனை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார். அவருடைய வரி ஒன்று எனக்கு மனப்பாடம்: "இன்று மணி அடிக்க முன்னம் இவருக்குச் சொன்னேன். காதைப் பொத்தினார். ஓடவில்லை." அதை அப்பாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். முந்திய பள்ளியில் இருந்து ஒரு வருஷத்தில் எனக்கு வந்ததெல்லாம் முறைப்பாடுதான். நல்லது ஒன்றும் நடக்காமலா இருந்திருக்கும்? யாரும் சொல்லவில்லை. அதனால் சொல்லுகிறேன், அந்தத் தாயை நீ முதன்முதலில் கூப்பிடுவது ஒரு நல்ல செய்தி சொல்வதற்காக இருக்கட்டும். சின்ன விஷயமாக இருந்தாலும் காரியமில்லை.

நீ சொன்னாயே, அவள் கொழுந்து எடுக்கப் போகிறவள், இடையில் வந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள் என்று. அப்படியென்றால் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு அனுப்பாதே. அவளுக்கு எந்த நேரம் வசதி என்று கேள். முடிந்தால் நீ லயத்துக்கே போ. தகப்பனும் இருக்கிற நேரமாகப் பார். நம்மட அப்பாவை எந்தப் பள்ளியும் கூப்பிட்டதே இல்லை. அவருக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவளுக்கு எழுத வாசிக்க வராவிட்டால் கொப்பி வேண்டாம், வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பு.

ஒன்று கவனம். "உங்கட பிள்ளைக்கு ஓட்டிசம்" என்று நீ சொல்லாதே. அதைச் சொல்ல வேண்டியது டொக்டர். நீ கண்டதை மட்டும் சொல்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, சத்தத்துக்குப் பயப்படுகிறான் என்று. வீட்டிலும் அப்படியா என்று கேள். பிறகு மருத்துவிச்சியிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ காட்டச் சொல்லு. போய்க் காட்டுங்கள் என்று சொன்னதோடு விடாமல், எந்த நாளில், எந்த இடத்துக்கு, எந்த பஸ்ஸில் போவது என்று விசாரித்து எழுதிக் கொடு. முதல் தடவை போகும்போது எனக்கு எந்த வரிசையில் நிற்பதென்றே தெரியவில்லை. உடனே நம்பமாட்டாள், கோபப்படவும் கூடும். எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அவளை அவசரப்படுத்தாதே.

இப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருக்க முடியாது என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பக்கத்தில் நில். நம்மட நாட்டில் 5 வயதில் இருந்து 16 வயது வரை படிப்பு கட்டாயம், அந்தப் பிள்ளைக்கும்தான். இது அவளுக்குத் தெரிந்திருக்காது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பாள், பார். மற்றவர்களுக்கு முன்னால் அவளுடைய பிள்ளையைப் பற்றி எதுவும் பேசாதே. அவளைக் கூட்டி வந்து யாராவது நல்ல மனமுள்ள ஒரு தாய்க்குப் பக்கத்தில் இருத்து. எனக்கு அப்படி ஒருத்தி கிடைத்தாள். அவள்தான் இன்றைக்கும் தம்பிக்குக் கச்சான் வறுத்துக்கொண்டு வருகிறவள்.

தம்பி நன்றாக இருக்கிறான். காலையில் அப்பாவோடு தோட்டத்தில் வெற்றிலை எண்ணி அடுக்குகிறான், ஒரு இலை பிழைக்காது. போன வாரம் இரவு நெடுநாளைக்குப் பிறகு அந்த இரண்டாவது ரீச்சருடைய குரலில், "இன்னும் ரெண்டு நிமிஷம், பிறகு மணி அடிக்கும், சரியா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை உனக்குப் பார்சல் போடுகிறேன். அரிசிமா, கருவாடு, அங்கே குளிர் என்றாயே, ஒரு கம்பளியும் இருக்கிறது. அடியில் பொலித்தீனில் சுற்றி அந்தப் பழைய கொப்பியை வைத்திருக்கிறேன். வாசித்துப் பார். அடுத்த தவணை லீவுக்கு வரும்போது கட்டாயம் திருப்பிக் கொண்டு வா. தொலைத்துவிடாதே மகள்.

அன்புடன்,
அம்மா