ஆர்னோ படகையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

இத்தாலி என்றாலே உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வெனிஸும் அதன் கொண்டோலாப் படகும்தான், அலுத்துவிட்டது சார். ஃபுளோரன்ஸில் ஆர்னோ ஆற்றில் ஓடும் தட்டை அடி மரப்படகைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் ஆற்று மணலை அள்ளிக் கட்டட வேலைக்குக் கொடுத்துப் பிழைத்த ரெனயோலிகளின் படகு அது. மணல் தொழில் போய்விட்டது, படகு மட்டும் கோடையில் பயணிகளை ஏற்றுகிறது. மோட்டார் கிடையாது. படகுக்காரர் நின்றபடியே நீளக் கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளுவார். 1345-இல் கட்டிய போன்டே வெக்கியோ பாலத்தை நெருங்கும்போது அண்ணாந்து பார்த்தால், நகைக்கடைகளின் பின்கட்டு ஆற்றின் மேல் துருத்திக்கொண்டு மரமுட்டுகளில் நிற்பது தெரியும், பாலத்தின் மேல் நகைக்கடை வாசலில் நிற்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரின் மற்ற பாலங்களைத் தகர்த்துவிட்டு இதை மட்டும் விட்டுவைத்தது. பக்கத்துப் பாலமான சான்டா டிரினிட்டா, ஆற்றில் விழுந்த கற்கள் பலவற்றைத் தேடியெடுத்து 1958-இல் பழையபடியே கட்டியது. கொண்டோலாவைவிட எனக்கு இந்த ஆர்னோ படகுதான் பிடித்தது. அப்புறம், போகிறவர்கள் அந்தி நேரப் படகாகக் கேட்டு ஏறுங்கள், ஜூலை வெயில் அங்கேயும் சும்மா விடாது.

ஒரு வாசகர், திருச்சி